கோ 39-க்கு வந்த கெட்ட பெயர்: குலை நோய்க்கு எந்த மரபணு வழி நல்லது?

நெல்லைத் தாக்கும் பூசண நோயான குலை நோயை ஆராய்கிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்களுக்கு ஒரு கோயமுத்தூர் நெல்லைத் தெரியும். பெயர் கோ 39. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், ஒரேயொரு எதிர்ப்பு மரபணுவில் மட்டும் வேறுபடும் நெல் வரிசைகளை உருவாக்கியபோது அதற்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டது இந்த ரகத்தைத்தான். அதற்கான காரணத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. எந்தக் குலைப் பூசணம் வந்தாலும் மறுபேச்சில்லாமல் சாய்ந்துவிடும் ஒரு நெல் அவர்களுக்குத் தேவைப்பட்டது. கோ 39 அப்படிச் சாய்ந்தது.

என் மாமா தஞ்சாவூர்ப் பக்கம் தாளடி வைக்கிறவர். போன தை மாதம் ஆந்திரா பொன்னி என்கிற பிபிடி 5204 வைத்திருந்த வயலில் கழுத்துக் குலை விழுந்தது. கதிர் வெளியே வந்து தலைசாயும் நேரத்தில் கழுத்து கறுத்து, மணி பால் பிடிக்காமல், தூரத்திலிருந்து பார்த்தால் முற்றிய பயிர் போலவே தெரிந்தது. கையில் எடுத்தால் பதர். “எந்த ரகத்துக்கு இந்த எழவு வராது, அதை மட்டும் சொல்லு மாப்ள” என்றார். ரகத்தின் பெயரைச் சொல்வது எளிது. அந்த ரகம் எத்தனை வருஷம் தாங்கும் என்பது அதற்குள் எந்த மாதிரி மரபணு வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் நான்கு வழிகளின் இந்த ஒப்பீடு.

முதலில் பூசணம் எப்படி உள்ளே வருகிறது என்று பார்த்துவிடலாம். பனி கோத்த இலையில் விழுந்த பூசண வித்து ஒட்டிக்கொண்டு முளைத்து, நுனியில் ஒரு குமிழைக் கட்டும். அதன் சுவரில் மெலனின் என்ற கருநிறமியைப் பூசி, உள்ளே கிளிசராலைச் சேர்த்து நீரை இழுக்கும். உள்ளழுத்தம் 80 வளிமண்டலம் வரை ஏறும், அதாவது கார் டயரில் இருப்பதைப்போல் சுமார் 40 மடங்கு. அந்த வேகத்தில் ஊசி மாதிரி ஒரு முளையை இலைத்தோலுக்குள் இறக்கிவிடும். நாம் அடிக்கும் டிரைசைக்ளசோல் மருந்து பூசணத்தை நேராகக் கொல்வதில்லை, மெலனின் பூச்சைத்தான் தடுக்கிறது. பூச்சு இல்லாவிட்டால் குமிழில் அழுத்தம் நிற்காது, ஊசி இறங்காது.

மருந்து நல்ல மருந்துதான். ஆனால் பூசணம் நுழைவதற்கு முன்னால் இலையில் இருந்தாக வேண்டும். மாமா கழுத்து கறுத்த பிறகு அடித்தார். இன்னொரு சங்கடம், ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் அனுமதிக்கும் இதன் எச்ச அளவைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 மில்லிகிராமாகக் குறைத்து, 2018 முதல் அமலாக்கியது. அந்த அடி பாசுமதிக்காரர்களுக்கு விழுந்தது, நம் பொன்னிக்காரர்களுக்கு இல்லை. ஆனால் பாசுமதியில் எதிர்ப்பு மரபணுக்களை அவசரமாகத் தேடிப் புகுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு காவலாளி

செடியில் ஒரேயொரு எதிர்ப்பு மரபணுவைக் காவலுக்கு வைப்பது. பழைய வழி இது. 1919-இல் தஞ்சாவூர் டெல்டாவில் குலை நோய் பெருநோயாகப் பரவியது. அதற்குப் பின்னால் கோயமுத்தூரில் ஆனைக்கொம்பன் என்ற நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த கோ 4, நோய் தாங்கும் நெல்லாகத் தெரிந்தது. அதை ஏடிடி 10 உடன் கலந்து கோ 25 எடுத்தார்கள். மரபணு என்பது கண்ணுக்குத் தெரியாத கணக்காக இருந்த காலம் அது. கதிரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கை விளக்கியவர் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆளி விதைப் பயிரின் துரு நோயைப் பார்த்துக்கொண்டிருந்த எச். எச். ஃப்ளோர். 1940-களில் அவர் கண்டது: பயிரில் உள்ள ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் இணையாகப் பூசணத்தில் ஒரு மரபணு இருக்கிறது. பூசணம் அனுப்பும் குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பயிரின் காவல் புரதம் அடையாளம் கண்டுகொண்டால், அந்த இடத்துச் செல்கள் தாமாகவே செத்துப் பூசணத்தைப் பட்டினி போடும். அடையாளம் காணாவிட்டால் வழி திறந்துதான் கிடக்கும். நெல்லில் குலை நோய்க்கு எதிராக இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் டடுக்கன் நெல்லிலிருந்து பிஐ-டிஏ வந்தது. வியட்நாமின் டெடெப் நெல்லிலிருந்து பிஐ54 வந்தது, அதைப் பிரித்தெடுத்தவர்கள் டெல்லி விஞ்ஞானிகள். ஒரைசா மைனூட்டா என்ற காட்டு நெல்லிலிருந்து பிஐ9 வந்தது.

அடையாளம் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு பிஐ-டிஏ ஒன்றே போதும். அந்தப் புரதத்தின் 918-ஆவது இடத்தில் அலனின் இருந்தால் நெல் தாங்கும், செரின் இருந்தால் விழும். ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம். இதே நுணுக்கம் எதிர்ப்பக்கமும் உண்டு. பூசணம் தன் புரதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாலோ, அந்த மரபணுவையே தொலைத்துவிட்டாலோ காவலாளி குருடாகிவிடுவார். தென் கொரியாவில் 1970-களின் தொடக்கத்தில் வந்த டோங்கில் நெல் நாட்டின் பசியைத் தீர்த்தது. சில வருஷம் குலை நோயும் அதை அண்டவில்லை. 1978-இல் புதிய பூசண இனங்கள் அதை வாரிக்கொண்டு போயின.

இங்கே கோ 39-க்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அதன் கெட்ட பெயரில் ஒரு அநியாயம் இருக்கிறது. அந்த நெல்லில் காவல் மரபணுவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆர்ஜிஏ4, ஆர்ஜிஏ5 என்று ஜோடியாக வேலை பார்க்கும் காவலாளிகள் அதில் உண்டு. ஏவிஆர்1-கோ39 என்று இந்த நெல்லின் பெயரையே சூட்டிய ஒரு பூசணப் புரதத்தை அவை பிடித்துவிடும். பிடித்து என்ன பயன்? நெல்லைத் தாக்கும் குலைப் பூசணங்களில் பெரும்பாலானவற்றில் அந்த மரபணு இன்று இல்லை, வேறு புற்களைத் தாக்கும் இனங்களில்தான் இருக்கிறது. திருடன் வராத சந்தில் நிற்கிற காவல்காரர்.

ஆக ஒற்றை மரபணு வழியின் சிறப்பு, வேகமும் முழுமையும். வேலை செய்கிற வரை இலையில் நோய்ப் புண் பரவாது. விளைச்சலிலோ ருசியிலோ பெரிதாகக் கைவைக்காது. ஆயுள்தான் யார் கையிலும் இல்லை. 2016-இல் வந்த பூசா பாசுமதி 1637-இல் இருப்பது பிஐ9 ஒன்றுதான். நல்ல மரபணு. தனியாக அனுப்பியிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அதற்கான காரணம் அடுத்த வழியில் இருக்கிறது.

இரண்டு மூன்று பேரை ஒன்றாக நிறுத்துவது

பேச்சுக்கு, பத்து லட்சம் பூசண வித்துகளில் ஒன்று முதல் காவலாளியை ஏமாற்றும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது காவலாளியையும் அதே வித்து அதே சமயத்தில் ஏமாற்ற வேண்டுமென்றால் லட்சம் கோடியில் ஒன்று என்றாகிறது. ஒரு வேலி நிலத்தில் உருவாகும் வித்துகளின் எண்ணிக்கையை நினைத்தால் அதுகூட நடக்காது என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் காலம் கிடைக்கும். 2021-இல் வெளியான பூசா பாசுமதி 1847, 1885, 1886 மூன்றிலும் பிஐ2, பிஐ54 இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. கூடவே பாக்டீரியா இலைக் கருகலுக்கான எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21 மரபணுக்களும். இவை மரபணு மாற்றுப் பயிர்கள் இல்லை. கலப்பில் வந்த செடியை மறுபடி மறுபடி தாய்ப் பாசுமதியோடு கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் டிஎன்ஏ அடையாளத்தைப் பார்த்து நாற்றைத் தேர்ந்தெடுத்த வேலை. கோயமுத்தூரிலும் ஏஎஸ்டி 16, ஏடிடி 43 இரண்டிலும் பிஐ54-ஐயும் இலைக் கருகல் மரபணுக்களையும் இதே முறையில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

மேலே போட்ட கணக்கு ஒரு நிபந்தனையில் நிற்கிறது: இரண்டு காவலாளிகளும் பூசணத்துக்குப் புதியவர்களாக இருக்க வேண்டும். பக்கத்து வயலில் அவர்களில் ஒருவர் தனியாக நின்றால், பூசணம் அங்கே பயிற்சி எடுத்துக்கொண்டு வந்துவிடும். நம் அடுக்கில் மிஞ்சுவது ஒற்றை மரபணுதான். ஒரே மரபணுவைத் தனியாகவும் அடுக்காகவும் ஒரே வட்டாரத்தில் வெளியிடுவது அடுக்கை நாமே கழற்றிக்கொடுப்பது போன்றது. இதைத் தடுக்க எந்த விதைச் சட்டமும் இல்லை. ரகம் ரகமாகத்தான் அனுமதி கொடுக்கிறோம், வட்டாரம் வட்டாரமாக யோசிப்பதில்லை.

செலவு? காவல் புரதம் அதிகமானால் பயிர் சும்மாவே படபடத்துக்கொண்டிருக்கும், விளைச்சல் குறையும் என்ற பயம் பழையது. சீனாவின் குமேய் 4 நெல்லில் இதற்கு இயற்கையே ஒரு விடை வைத்திருந்ததை 2017-இல் கண்டார்கள். அதன் மரபணுத் தொகுப்பில் பிஐஜிஎம் என்ற இடத்தில் ஒரு மரபணு பூசணத்தைத் தடுக்கிறது, ஆனால் மணியின் எடையைக் குறைக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்று மகரந்தத்தில் அதிகமாக வேலை செய்து, மணி பிடிப்பைக் கூட்டி, நஷ்டத்தை ஈடுகட்டுகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டே இருப்பதால் சேர்த்து எடுத்துவிடலாம்.

இடங்கொடுக்கும் மரபணுவை எடுத்துவிடுவது

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பயமும் இதில்தான். பயிர் நோயில் விழுவதற்கு ஏதோ ஒன்று இல்லாமல் போனது காரணம் என்றே நாம் நினைக்கிறோம். பல நேரம் ஏதோ ஒன்று இருப்பதுதான் காரணம்.

மிகப் பெரிய சாட்சி 1970-இல் அமெரிக்க மக்காச்சோளம். வீரிய விதை எடுக்க ஆண் பூக்களைக் கையால் கிள்ளும் வேலையை மிச்சப்படுத்த, மகரந்தம் உண்டாகாத ‘டெக்சாஸ்’ வகைத் தாய்ப்பயிரை நாடு முழுக்கப் பரப்பியிருந்தார்கள். அதன் மைட்டோகாண்ட்ரியாவில் இருந்த டி-யுஆர்எஃப்13 என்ற மரபணுவே இலைக் கருகல் பூசணத்தின் நஞ்சுக்குக் கதவாக இருந்தது. அந்த ஆண்டு நாட்டின் மக்காச்சோளத்தில் சுமார் 15 சதவீதம் போனது. மகரந்தம் வராமல் தடுத்ததும் நோயை உள்ளே விட்டதும் ஒரே மரபணு.

அதைவிட விசித்திரம் ஓட்ஸ் கதை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த விக்டோரியா என்ற ஓட்ஸில் துரு நோய்க்குக் காவல் மரபணு இருந்தது. அதைப் பல ரகங்களில் ஏற்றி 1940-களில் அமெரிக்கா முழுக்க விதைத்தார்கள். 1946 வாக்கில் வேறொரு பூசணம் அந்த ஓட்ஸை மட்டும் குறிவைத்து அழிக்கத் தொடங்கியது. துருவைத் தடுக்கும் குணத்தையும் புதிய நோய்க்கு இடங்கொடுக்கும் குணத்தையும் எத்தனை முயன்றும் பிரிக்க முடியவில்லை. செல்லைக் கொன்று பூசணத்தைப் பட்டினி போடுவது காவலாளியின் தந்திரம் என்று மேலே சொன்னேன். புதிதாக வந்தது செத்த செல்லைத் தின்று வாழும் பூசணம். அது தன் நஞ்சால் காவலாளியையே உசுப்பிவிட்டு, அவர் கையாலேயே தனக்குச் சோறு போட வைத்துக்கொண்டது.

அப்படியானால் இடங்கொடுக்கும் மரபணுவைக் கண்டுபிடித்து முடக்கிவிட்டால்? பார்லியில் அது நடந்துவிட்டது. சாம்பல் நோய்ப் பூசணம் பார்லிக்குள் நுழைய எம்எல்ஓ என்ற மரபணு பழுதில்லாமல் இருக்க வேண்டும். 1942-இல் ஜெர்மனியில் எக்ஸ் கதிர் பட்ட விதைகளில் ஒன்றில் அது பழுதானது, பயிர் சாம்பல் நோயிலிருந்து தப்பியது. எத்தியோப்பியாவின் நாட்டுப் பார்லியில் இதே பழுது இயற்கையாகவே இருந்தது. 1979-இல் முதல் ரகம் வயலுக்கு வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஐரோப்பாவின் வசந்தகாலப் பார்லியில் இந்த எதிர்ப்பு நிற்கிறது. காவலாளியை ஏமாற்றலாம். இல்லாத வாசலை எப்படி ஏமாற்றுவது?

விலை உண்டு. முடக்கிய பார்லியின் இலையில் நோயே இல்லாமலும் சின்னச் சின்னப் புள்ளிகள் விழும், விளைச்சலும் கொஞ்சம் குறையும். வளர்ப்பாளர்கள் பல வருஷம் உழைத்து இதைச் சரிசெய்தார்கள். நெல்லுக்காரர்களான நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஆய்வுக்கூடத்தில் இந்த பார்லி மீது குலை நோய்ப் பூசணத்தைத் தெளித்தபோது, சாதாரண பார்லியைவிட அதிகமாக நோய் பிடித்தது. ஒரு பூசணத்துக்கு அடைத்த வாசல் இன்னொன்றுக்கு அகலமாகிவிட்டது.

கோதுமையில் எம்எல்ஓ மூன்று பிரதிகளாக இருப்பதால் தற்செயலாக மூன்றும் ஒன்றாகப் பழுதாகும் வாய்ப்பு மிகக் குறைவு. சீன விஞ்ஞானிகள் 2014-இல், செடியின் சொந்த மரபணுவையே வெட்டி மாற்றும் மரபணுத் திருத்தத்தால் மூன்றையும் முடக்கினார்கள். நோய் போயிற்று, பயிரின் வளர்ச்சியும் குன்றியது. 2022-இல் வளர்ச்சி குன்றாத ஒரு வடிவத்தை வெளியிட்டார்கள்.

நெல்லில் இந்த வழிக்கு இருக்கும் சிறந்த எடுத்துக்காட்டு ஜப்பானின் மேட்டுநில நெல் ஓவாரிஹதாமோச்சி. அதில் பிஐ21 என்ற மரபணு லேசாகச் சிதைந்த வடிவில் இருக்கிறது. முழு மரபணு நெல்லின் தற்காப்பைத் தாமதப்படுத்தும். சிதைந்த வடிவம் அந்தத் தாமதத்தை நீக்குகிறது. நோய் அறவே வராமல் போவதில்லை, மெதுவாக வரும், பரவாமல் நின்றுவிடும். மேட்டுநில நெல்லின் இந்தக் குணத்தை ஜப்பானியர்கள் வெகுகாலமாக அறிந்தும் சாப்பாட்டு நெல்லுக்கு மாற்ற முடியவில்லை, மாற்றினால் சோறு ருசி கெட்டது. 2009-இல் காரணம் தெரிந்தது: பிஐ21-க்கு ஒட்டினாற்போலவே ருசியைக் கெடுக்கும் இன்னொரு மரபணு இருந்தது. இரண்டுக்கும் நடுவில் வெட்டு விழுந்த செடியைத் தேடி எடுத்த பிறகுதான் நோயும் அடங்கியது, சோறும் தேறியது.

சுவாரசியம் என்னவென்றால், பிஐ21 புரதத்தில் உலோக அயனியைப் பிடிக்கும் ஒரு பகுதி உண்டு. கோ 39-இன் காவலாளி ஆர்ஜிஏ5-இன் வாலிலும் அதே சாயலில் ஒரு பகுதி ஒட்டியிருக்கிறது. பூசணம் அந்த வகைப் புரதங்களைக் குறிவைத்து வருவதால், நெல் அந்த உருவத்தையே தூண்டிலில் இரையாகக் குத்தி வைத்திருக்கிறது. இடங்கொடுக்கும் மரபணுவும் காவல் மரபணுவும் இரண்டு எதிர்க் கட்சிகள் என்று நினைத்தால், ஒன்றின் சாயலை மற்றது உடுத்திக்கொண்டு நிற்கிறது.

மெதுவாக்கும் வகைக்கு ஆயுள் அதிகம் என்பதற்குக் கோதுமையின் எல்ஆர்34 சாட்சி. முதிர்ந்த பயிரில் துருவைக் கட்டுக்குள் வைக்கிற இந்த மரபணு நூறாண்டாக வயலில் இருக்கிறது. அதற்கு எதிராகத் தேறிய துருவை இன்னும் காணவில்லை. கதிரை ஒட்டிய கடைசி இலையான கொடி இலையின் நுனி கொஞ்சம் கருகும், அதுதான் கூலி. (துரு என்றதும் பஞ்சாபை நினைப்போம். ஆண்டு முழுக்க துரு உயிரோடிருக்கும் இடம் என்று நாட்டின் கோதுமை ரகங்களைச் சோதிக்க அனுப்புவது நம் நீலகிரி வெலிங்டனுக்கு.)

ரகங்களைக் கலந்து நடுவது

மரபணுவை ஒரே செடிக்குள் அடுக்காமல் வயலில் பரப்புவது இது. சீனாவின் யுனானில் 1998, 1999-இல் நோய் பிடிக்கும் ஒட்டரிசி நெல்லை, நோய் தாங்கும் வீரிய நெல்லின் வரிசைகளுக்கு நடுவே நட்டார்கள். இரண்டாம் ஆண்டில் பரப்பு 3,342 ஹெக்டேர். தனியாக நட்டதோடு ஒப்பிட்டால் ஒட்டரிசி நெல்லில் குலை நோய் 94 சதவீதம் குறைவு, விளைச்சல் 89 சதவீதம் அதிகம். மருந்தையே நிறுத்திவிட்டார்கள். அங்கே ஒட்டரிசிக்கு விலை அதிகம், கையால் தனியாக அறுத்துக்கொள்ள முடிந்தது. டெல்டாவில் அறுப்பு இயந்திரம் ஓடுகிறது, கலப்பு நெல்லை கொள்முதலில் தள்ளிவிடுவார்கள். அதனால் வரிசைக் கலப்பு நமக்கு ஒத்துவராது. வயலுக்கு வயல் ரகத்தை மாற்றலாம்.

எதைத் தேர்வது

ரகம் உருவாக்குகிறவர் இடத்தில் நான் இருந்தால் முதல் பணத்தை, மக்கள் ஏற்கெனவே சாப்பிடும் ரகத்தில் இரண்டு காவல் மரபணுவும் கூடவே பிஐ21-இன் சிதைந்த வடிவமும் சேர்ப்பதில் போடுவேன். முன்னவை மடியும் நாள் வந்தால் பின்னது மெதுவாக்கிக் காலம் வாங்கித் தரும். எம்எல்ஓ மாதிரி முழுவதுமாக ஒரு மரபணுவை முடக்கும் வழிக்கு அவசரப்படமாட்டேன். நம் வயலில் குலை மட்டும் இல்லை, இலையுறைக் கருகல் இருக்கிறது, செம்புள்ளி இருக்கிறது. செத்த செல்லைத் தின்கிற அந்த வகைகளை முன்னால் நிறுத்திச் சோதிக்காமல் எதையும் முடக்கக் கூடாது என்பதற்கு விக்டோரியா ஓட்ஸே போதும். சட்டம் இனி பெரிய தடையில்லை. வெளி மரபணு சேராத திருத்தப் பயிர்களுக்கு இந்தியாவில் 2022-இல் விதிகளைத் தளர்த்தினார்கள். 2025 மே மாதம் அறிவித்த இரண்டு திருத்த நெல்களும் பூசண நோய்க்கானவை அல்ல. அதற்கான விதை வரும்வரை திருத்தத்தை நம்பி ஒரு போகத்தைத் திட்டமிட முடியாது.

மாமாவின் இடத்தில் தேர்வு வேறு மாதிரி. அவர் மரபணுவைத் தேர்ந்தெடுக்க முடியாது, கிடைக்கிற விதைகளுக்குள் தேர்ந்தெடுக்கலாம். ‘நோய் வராது’ என்று எழுதிய பையைவிட ‘ஓரளவு தாங்கும்’ என்று ஆராய்ச்சி நிலையம் சொல்லும் ரகத்தை நம்பச் சொன்னேன். முன்னது பெரும்பாலும் ஒற்றைக் காவலாளி. பிபிடி வைத்தே ஆக வேண்டுமென்றால் பாதி நிலத்தில் மட்டும். விதையைக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் கலந்து போடணும். தழைச்சத்து மிகுந்தால் தாங்கும் ரகம்கூடத் தடுமாறும் என்பதால் யூரியாவைப் பிரித்துப் போடணும். இரவு குளிர்ந்து பனி இறங்கும் நாளில் கதிர் எட்டிப் பார்த்தால், புள்ளிக்குக் காத்திருக்காமல் மருந்து.

எல்லாம் கேட்டுவிட்டு, “அந்த கோ 39 விதை எங்கயாவது கிடைக்குமா மாப்ள? வரப்போரம் நாலு குத்து நட்டா, நோய் வர்றது முன்னாடியே தெரியுமில்ல” என்றார். ஆராய்ச்சி நிலையங்களில் அதை அப்படி நடுவது உண்டு, ஆனால் அது உங்கள் வயலுக்கே பூசண வித்து காய்ச்சித் தரும் மாமா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப பக்கத்து வயல் பிபிடியவே பாத்துக்கறேன்” என்றார்.